புதிய சேர்வர் வாங்க முன் பழையதைப் பாருங்கள்

கடையில் கணனி வைத்திருக்கும் வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான். "சிஸ்டம் ஸ்லோ." பில் அடிக்கும் பெடியன் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கிறான், வாடிக்கையாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பின்னால் நிற்பவர் பொருளை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். உடனே கணனி பராமரிக்கும் ஆளுக்கு ரெலிபோன் போகிறது. அவரும் வந்து பார்த்துவிட்டு, "இது பழைய மெஷின், மாற்றத்தான் வேண்டும்" என்று ஒரு கொட்டேசனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். தேங்காய் எண்ணெய் பரலொன்றை வாங்குவதென்றாலும் முகர்ந்து பார்த்து, நிறுத்துப் பார்த்து வாங்கும் எமது வர்த்தகர்கள், இலட்சக்கணக்கில் போகும் இந்தக் காரியத்தில் மாத்திரம் ஒன்றையும் அளந்து பார்க்காமல் செக்கில் கையொப்பம் இடுகிறார்கள்.

நான் கணனி படித்தவன் அல்லன். பாடசாலைக் கல்வியோடு கடைக்கு வந்தவன். ஆனாலும் இந்த அளவைப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஒரு கொப்பியும் பேனையும் மூன்று நாள் பொறுமையும் போதும்.

முதலில் பில் பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். கவுண்டரில் இருக்கும் டேர்மினல், பின்னறையில் உள்ள சேர்வரிடம் கேட்கிறது. சேர்வரின் புரொசஸர் கணக்குப் போடுகிறது. விலையையும் இருப்பையும் எடுத்து வருவதற்கும், விற்றதைப் பதிந்து வைப்பதற்கும் டிஸ்க்குக்குப் போகவேண்டும். அதாவது கவுண்டர்காரன், கணக்கப்பிள்ளை, களஞ்சியக்காரன் என்று மூன்று பேர். பில் தாமதிக்கிறது என்றால் இந்த மூவரில் ஒருவரிடம் கியூ நிற்கிறது என்று அர்த்தம். களஞ்சியக்காரன் தாமதிக்கும்போது கணக்கப்பிள்ளையை மாற்றி என்ன பயன்?

இந்தக் கியூவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த ஏர்லாங் என்பவர், அழைப்புகள் எவ்வாறு வந்து சேருகின்றன என்பதை ஆராய்ந்து 1909ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த கணக்கு அது. அதை எங்கள் பாஷையில் இப்படிச் சொல்லலாம். ஒரு கெஷியர் ஒருவரை அனுப்ப சராசரியாக ஒரு நிமிடம் எடுக்கிறார். வாடிக்கையாளர்கள் முன்பின்னாக, ஒழுங்கில்லாமல் வருகிறார்கள். கெஷியருக்கு அரைவாசி நேரம் வேலை இருக்குமானால், வந்து நின்று வெளியேற ஒருவருக்கு சராசரியாக 2 நிமிடம். 80 வீத நேரம் வேலை இருந்தால் 5 நிமிடம். 90 வீதம் என்றால் 10 நிமிடம். 95 வீதம் என்றால் 20 நிமிடம். கவனியுங்கள், 80இலிருந்து 90க்குப் போகும்போது வேலை கூடியது கொஞ்சம்தான், காத்திருப்போ இரண்டு மடங்கு. "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, இன்றைக்கு என்ன வந்தது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். முதலாளிமார் நினைப்பதுபோல் ஒரு மெஷினை 100 வீதம் வேலை வாங்குவது இலாபமல்ல.

புறக்கோட்டையில் வீட்டுப் பாவனைப் பொருட்களை மொத்தமாக விற்கும் எனது நண்பர் ஒருவருக்கு இப்படித்தான் பிரச்சினை வந்தது. ஐந்து கவுண்டர்கள், ஒரு சேர்வர். பெருநாளுக்கு ஒரு மாதம் இருக்கிறது. காலை வேளையில் ஒரு பில் விழ 20 செக்கனுக்கு மேல் எடுக்கிறது. வெளியூரிலிருந்து லொறியோடு வந்த வியாபாரிகள் அடுத்த கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். "நானா, புரொசஸர் காணாதாம், புது சேர்வருக்கு எட்டரை இலட்சம் கேட்கிறார்கள், என்ன செய்ய?" என்று கேட்டார். மூன்று நாள் தவணை கேளுங்கள் என்றேன். அவருடைய மூத்த கெஷியரிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேர்வரின் முன் போய் நான்கு விடயங்களை எழுதச் சொன்னேன்: நேரம், புரொசஸர் எத்தனை வீதம், டிஸ்க் எத்தனை வீதம், டிஸ்க் பதில் சொல்ல எத்தனை மில்லிசெக்கன். பக்கத்தில், அந்த நேரத்தில் கவுண்டரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் எழுதச் சொன்னேன். இந்தக் கடைசி எண் இல்லாவிட்டால் மற்றவற்றுக்கு அர்த்தமே இல்லை.

இவற்றைப் பார்க்கத் தனியாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தில் எல்லாம் இருக்கின்றன. சேர்வர்களுக்கென்று வரும் விண்டோஸ் பதிப்புகள் சிலவற்றில் டிஸ்க்கின் படம் தெரியாது. அங்கே ரிசோர்ஸ் மொனிட்டர் என்பதைத் திறந்தால் எந்தப் புறோகிராம் டிஸ்க்கை எவ்வளவு பாவிக்கிறது என்பதும் சேர்ந்து தெரியும். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை. யுனிக்ஸ் காலத்திலிருந்தே வரும் 'சார்' என்ற கட்டளை இருக்கிறது. தொகுதிச் செயற்பாட்டு அறிக்கை என்பதன் சுருக்கம் அது. அதற்குரிய பொதியைப் போட்டு இயக்கிவிட்டால், வழக்கமாக பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே குறிப்பெடுத்து வைக்கும். கொப்பியும் தேவையில்லை, கெஷியரும் தேவையில்லை.

மூன்றாம் நாள் கொப்பி வந்தது. புரொசஸர் ஒருநாளும் 20 வீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க்கோ காலை 9.10இலிருந்து 11.30 வரை 100 வீதத்தில் நின்றது, பதில் சொல்ல 300 முதல் 600 மில்லிசெக்கன். அதற்குப் பிறகு, கூட்டம் கூடிய பகல் நேரத்தில்கூட, பதில் 10 மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டது. காலையில் நான்கு பேர் நிற்கும்போது திணறிய மெஷின், பகலில் பதினைந்து பேர் நிற்கும்போது ஓடியது என்றால், வியாபாரம் கூடியதால் வந்த தாமதமல்ல அது. வேறு யாரோ காலையில் களஞ்சியக்காரனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

யார் என்று சொல்வதற்கு முன், டிஸ்க் ஏன் இவ்வளவு இலகுவாகத் திணறுகிறது என்பதைச் சொல்லவேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. ஒரு கை அதன் மேல் ஓடி ஓடித் தேடுகிறது. ஐபிஎம் நிறுவனம் 1956இல் வெளியிட்ட முதலாவது டிஸ்க், 24 அங்குலத் தட்டுகள் 50ஐக் கொண்டு 50 இலட்சம் எழுத்துகளை வைத்திருந்தது. நிமிடத்துக்கு 1,200 சுற்று. இன்றைக்குச் சாதாரணமாகக் கடைக் கணனிகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் 7,200 சுற்று. வைத்திருக்கும் அளவு இலட்சம் மடங்குக்கும் மேலாகக் கூடிவிட்டது, சுற்றும் வேகம் ஆறு மடங்குதான். நிமிடத்துக்கு 7,200 என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன். வேண்டிய இடம் வந்து சேர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேல். கை நகர்வதற்கு இன்னும் 8 அல்லது 9. ஆக, ஒரு பொருளை எடுத்துவர 12, 13 மில்லிசெக்கன். இங்கும் அங்குமாகத் தேடவேண்டிய வேலையில் செக்கனுக்கு சுமார் 80 தடவைதான் அதனால் போய்வர முடியும். ஐந்து கவுண்டருக்கு இது தாராளம். ஆனால் இன்னொருவன் அதே கையை வேறு பக்கத்துக்கு இழுக்கத் தொடங்கினால் முடிந்தது கதை. எஸ்எஸ்டி என்று இப்போது வருபவற்றில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஆகையால் அவை செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை பதில் சொல்கின்றன. (எஸ்எஸ்டி போட்டவர்கள் டிஸ்க்கின் வீதத்தைப் பார்த்துப் பயப்படவேண்டாம். அது ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும். மில்லிசெக்கனை மாத்திரம் பாருங்கள்.)

சரி, காலையில் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருந்தது யார்? ரிசோர்ஸ் மொனிட்டரில் பெயர் இருந்தது. பெக்கப். பராமரிக்கும் கம்பனி அதனை நள்ளிரவு 12 மணிக்கு ஓடும்படி அமைத்திருந்தது. அமைத்தவர் கெட்டிக்காரர்தான், பிழை சொல்வதற்கில்லை. ஆனால் புறக்கோட்டையில் யார் இரவில் மெயின் சுவிட்ச்சைப் போட்டுவைக்கிறார்கள்? தீப்பிடித்துவிடும் என்ற பயத்தில் கடையைப் பூட்டும்போதே கரன்ட்டை நிறுத்துவது எமது வழக்கம். நள்ளிரவில் சேர்வர் உறக்கத்தில். விண்டோஸில் ஒரு வசதி இருக்கிறது: குறித்த நேரத்தில் ஓடாமல் தவறிய வேலையை, மெஷின் திரும்பத் தொடங்கியதும் ஓட்டச் சொல்லலாம். அப்படிச் சொல்லியிருந்தார்கள். சேர்வர் எழும்பி வழக்கமாக பத்து நிமிடம் கழித்து அது தொடங்கும். காலை 9 மணிக்கு மெயின் சுவிட்ச், 9.10க்கு பெக்கப். அதோடு சேர்ந்து வைரஸ் தேடும் புறோகிராமும் விட்டுப்போன தன் வேலையைத் தொடங்கிவிடும். கொப்பியில் எழுதிய நேரம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்றும் அப்போதுதான் வெளியில் வந்தது. அந்த பெக்கப் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால், அதே டிஸ்க்கின் இன்னொரு பகுதிக்கு. ஒரே கை இங்கே வாசித்து அங்கே எழுத ஓடியதால்தான் இரண்டரை மணித்தியாலம் எடுத்தது. அது போகட்டும். அந்த டிஸ்க் ஒருநாள் நின்றுபோனால் கணக்கும் போய்விடும், கணக்கின் பிரதியும் போய்விடும். யார் எவ்வளவு கடன் தரவேண்டும் என்ற ஐந்து வருடப் பதிவு அதில் இருக்கிறது. நண்பரின் முகம் வெளிறியது அப்போதுதான், எட்டரை இலட்சத்துக்கல்ல.

இப்போது மாலை கவுண்டர்கள் பூட்டிய பிறகு, காசு எண்ணும் நேரத்தில் பெக்கப் ஓடுகிறது. வெளியில் செருகும் டிஸ்க் இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்று கடையில், ஒன்று வீட்டில், நாள் விட்டு நாள் மாறும். சேர்வருக்கு எஸ்எஸ்டியும் போட்டார். எல்லாமாகப் புதிய சேர்வருக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. பில் இரண்டு செக்கனில் விழுகிறது.

எல்லாக் கடையிலும் குற்றவாளி டிஸ்க்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரெம் நினைவகம் போதாமல் போனால் கணனி டிஸ்க்கில் இடம் இரவல் வாங்கும். அப்போதும் டிஸ்க் 100 வீதம் காட்டும். ஆகவே நினைவகம் நிரம்பி இருக்கிறதா என்பதையும் ஒரு பார்வை பார்க்கவேண்டும்.

புரொசஸரில் ஒரு கண்கட்டு இருக்கிறது. துணிக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மாத முடிவில் இருப்பு அறிக்கை எடுத்தால் முக்கால் மணித்தியாலம் போகிறது என்றார். பார்த்தால் புரொசஸர் 25 வீதம். "முக்கால்வாசி சும்மாதானே இருக்கிறது" என்று அவர் நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்த 25 ஏறவுமில்லை, இறங்கவுமில்லை, ஆணி அடித்தது போல் நின்றது. அவருடைய புரொசஸருக்குள் நான்கு கருக்கள். நான்கு கணக்கப்பிள்ளைகள் என்று வையுங்கள். அவரது பழைய மென்பொருள் ஒரே ஒருவரிடம் மாத்திரம் வேலை கொடுக்கத் தெரிந்தது. ஒருவர் முறிந்து வேலை செய்ய, மூவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டுக் கணக்கப்பிள்ளைகள் உள்ள மெஷின் வாங்கினாலும் ஏழு பேர் சும்மா இருப்பார்களே தவிர அறிக்கை வேகமாக வராது. மென்பொருள் எழுதியவரைக் கூப்பிட்டுப் பார்த்ததில், கடை தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு பில்லையும் திரும்பக் கூட்டித்தான் அது இருப்பைக் கண்டுபிடிக்கிறது என்று தெரியவந்தது. வருட முடிவு இருப்பை ஒருமுறை முடித்து அங்கிருந்து தொடங்கும்படி மாற்றினார்கள். மெஷின் அதேதான், அறிக்கை தேநீர் குடித்து முடிவதற்குள் வந்துவிடுகிறது.

இனி டேர்மினல். இதில் வேகத்தைவிட மனிதர்கள் சம்பந்தப்பட்ட காரியம் அதிகம்.

டாஸ்க் மெனேஜரிலேயே யூசர்ஸ் என்றொரு பக்கம் இருக்கிறது. டேர்மினல்கள் சேர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் முறையில், யார் யார் உள்ளே இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்பதை அது காட்டும். பில் அடிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முறையாக வெளியேறாமல் மூலையிலுள்ள குறுக்குக் கோட்டை அழுத்திவிட்டுப் போவார்கள். திரை மறைந்துவிடும், ஆனால் சேர்வருக்குள் அவர் திறந்த புறோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும். 'டிஸ்கனெக்டட்' என்று பக்கத்தில் போட்டிருந்தால் அது ஆள் இல்லாத நாற்காலி என்று அர்த்தம். இடத்தையும் பிடிக்கும்.

அதே நண்பரின் கடையில் ஒருநாள் இரண்டாம் கவுண்டரில் 18,000 ரூபா குறைந்தது. அந்தக் கவுண்டரில் இருந்தவன் மலைநாட்டிலிருந்து வந்து கடை மாடியிலேயே தங்கி வேலை செய்யும் பிள்ளை. பகல் 1.20க்கு அவன் பெயரில் ஒரு பில் இரத்துச் செய்யப்பட்டிருப்பதை மென்பொருள் காட்டியது. எல்லோருடைய கண்ணும் அவன் மேல் விழுந்தது. அவன் தான் சாப்பிடப் போயிருந்ததாகச் சொன்னான், நம்புவதற்கு ஆள் இல்லை. நண்பர் எனக்கு ரெலிபோன் எடுத்தபோது அவனை அனுப்பிவிடுவதாகத்தான் பேச்சு.

சேர்வரில் பாதுகாப்புப் பதிவேடு ஒன்று உண்டு. ஒருவர் உள்ளே நுழைந்தால் 4624 என்ற இலக்கத்திலும், கடவுச்சொல் பிழைத்தால் 4625 என்ற இலக்கத்திலும் விண்டோஸ் எழுதி வைக்கும். எந்தக் கணனியிலிருந்து வந்தார் என்பதும் அதில் இருக்கும். தேடியதில், அந்தப் பிள்ளையின் பெயரில் 1.12க்கு ஒருவர் நுழைந்திருக்கிறார், இரண்டாம் கவுண்டரிலிருந்து அல்ல, திருப்பிக் கொண்டுவரும் பொருட்களை ஏற்கும் மேசையிலிருந்து. அங்கே இருப்பவர் இருபது வருடமாக வேலை செய்யும் மேற்பார்வையாளர். கேட்டதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. தன் கடவுச்சொல் மறந்துபோனதால் பெடியனின் பெயரில் நுழைந்து, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த பொருளின் பில்லை இரத்துச் செய்து, இரண்டாம் கவுண்டர் லாச்சியிலிருந்து காசை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒப்பமிட்ட துண்டு அவர் மேசையிலேயே கிடந்தது. களவும் இல்லை, கள்ளனும் இல்லை. அந்தப் பதிவேட்டைப் பார்த்திருக்காவிட்டால் ஒரு பிள்ளை கள்ளன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பான்.

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அனேகமான கடைகளில் 'கெஷியர்' என்று ஒரே பெயர், கடவுச்சொல் கீபோட்டுக்கு அடியில் ஒட்டிய துண்டில். அப்படி இருந்தால் பதிவேடு எவரையும் காட்டிக்கொடுக்காது, எவரையும் காப்பாற்றவும் மாட்டாது. இப்படி ஒரு பதிவு இருக்கிறது என்பதை வேலையாட்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும் அவசியம். ஒளிந்திருந்து பார்ப்பதற்கல்ல இது. பதிவேட்டின் அளவையும் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்; நிறைந்துவிட்டால் பழையவற்றின் மேல் எழுதிவிடும், நீங்கள் தேடும் நாள் இருக்காது.

அதே பதிவேட்டில் 4625 வரிசை வரிசையாக, செக்கனுக்கு செக்கன் விழுந்திருந்தால் அது உங்கள் பெடியன் கடவுச்சொல்லை மறந்ததல்ல. பராமரிக்கும் ஆள் தன் வீட்டிலிருந்தே சேர்வருக்குள் வருவதற்காக இன்டர்நெட் பக்கம் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பார். ரிமோட் டெஸ்க்டொப் என்ற வசதிக்கு வழக்கமான கதவு இலக்கம் 3389. அது உலகத்துக்கே தெரிந்த இலக்கம். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் கூட்டத்தினர் உலகெங்கும் தட்டிப் பார்க்கும் கதவுகளில் இதுவும் ஒன்று. மெயின் சுவிட்ச்சை நிறுத்தும் எமது பழக்கம் இரவில் இதற்கு ஒரு பாதுகாப்பு என்பது வேறு கதை. பகலில் கதவு திறந்துதான் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைவது குற்றம்தான், ஆனால் எங்கோ வெளிநாட்டில் இருந்து தட்டுபவனை நீங்கள் எந்தப் பொலிஸில் காட்டுவீர்கள்?

நண்பர் அந்தக் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். பராமரிக்கும் ஆளுக்குத் தனிப் பெயர் ஒன்று கொடுத்திருக்கிறார். வேலை இருக்கும்போது அவர் ரெலிபோன் எடுப்பார், மூத்த கெஷியர் அந்தப் பெயரைத் திறந்துவிடுவார், கம்பனி அமைத்துக் கொடுத்த பாதுகாப்பான தனி வழியால் அவர் உள்ளே வந்து வேலையை முடிப்பார். முடிந்ததும் அதே கெஷியர் பெயரைத் திரும்ப முடக்கிவிட்டு, வந்த நேரத்தையும் போன நேரத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்கிறார்.